அண்ணன் கொடுத்த ரத்தம்

தோசாமா அழுகிற பெண்ணாக இருந்திருந்தால் எங்கள் டும்பேனி ஊருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். புருஷனைப் புதைத்த வீட்டுக்கு நாலு பேர் போவோம், முதுகைத் தடவிக் கொடுப்போம், டீயும் ரொட்டியும் முடித்து ஒரு பெருமூச்சை விட்டுவிட்டு வந்துவிடுவோம். இவள் அழவில்லை. கறுப்பு உடுத்திப் பாயில் உட்கார்ந்தவள், துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னாள்.

"கொடுத்தவன் கையைப் பாருங்க."

கொடுத்தவன் என்றால் டுமிலே. செத்துப்போன மாகாயாவின் கூடப்பிறந்த அண்ணன். ஒரே வளவு, நடுவில் அப்பன் காலத்துக் கல் சுவர் வைத்த மாட்டுப்பட்டி, மேல்பக்கம் தம்பியின் தகர வீடு, கீழ்ப்பக்கம் அண்ணனின் மண்சுவர் வீடு. எங்கள் வழக்கப்படி வீட்டுக்கு வந்த மருமகள் புருஷனின் மூத்தவர்கள் பேரை வாயால் சொல்லக் கூடாது. மாட்டுப்பட்டிக்குள் காலும் வைக்கக் கூடாது, அது முன்னோர் இருக்கிற இடம், ஆண்கள் இடம். தோசாமா இரண்டையும் சுத்தமாகக் கடைப்பிடித்தவள்தான். மூத்தவர், அவர் என்றுதான் டுமிலேயைச் சொல்வாள். மாகாயா செத்த அன்றைக்கு "அவர்" போய் "அவன்" வந்தது.

நான் பக்கத்து வீடு. நடுவில் கற்றாழை வேலிதான். என்னைக் குலப் பேரால் பேலே என்று கூப்பிடுவார்கள். ஊருக்கு இருக்கிற ஒரே பிக்கப் வண்டி என்னுடையது. கம்பளி மூட்டையும் அதில்தான், கல்யாணப் பெண்ணும் அதில்தான், சவப்பெட்டியும் அதில்தான். அதனால் அடுத்தவன் வீட்டுக் கண்றாவி எல்லாவற்றையும் நான் முன் சீட்டில் உட்கார்ந்து பார்த்தாக வேண்டியிருக்கிறது.

அண்ணனும் தம்பியும் பேசாமல் கிடந்த காலம் ஒன்று உண்டு. டுமிலே ஒரு செவலைக் காளையைக் கன்றிலிருந்து தன் கையால் வளர்த்திருந்தான். அவன் மலைமேல் ஆட்டுக் கம்பளி கத்தரிக்கப் போயிருந்த நேரத்தில், சுரங்க வேலையிலிருந்து லீவில் வந்த மாகாயா தன் கல்யாண விருந்துக்கு அதை வெட்டிவிட்டான். டுமிலே வந்து பார்த்தான். தோல் வேலிமேல் காய்ந்துகொண்டிருந்தது. திரும்பி மலைக்கே போய்விட்டான். கல்யாணத்துக்கு அண்ணன் இல்லை. அதற்கப்புறம் மாகாயாவுக்கு ஒரு மகள் பிறந்து, லிதா என்று பேர் வைத்து, அவள் வாய் நிறையப் பேசுகிற வரைக்கும் இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது. குழந்தை மட்டும் இரண்டு வீட்டிலும் சாப்பிட்டுக்கொண்டு திரிந்தாள்.

மாகாயாவுக்கு ரத்தப் புற்று என்று தெரிந்தது அப்போதுதான். சுரங்கத்துக்காரர்களே கேப் டவுனில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவன் ரத்தத்தை அடியோடு அழித்துவிட்டு, கூடப்பிறந்தவன் எலும்புக்குள் இருக்கிற ரத்த விதையை எடுத்து நட வேண்டும், பிடித்தால் பிழைப்பான் என்றார்கள். கூடப்பிறந்தது டுமிலே ஒருவன்தான். சேதி வந்தபோது கத்தரிப்புக் கொட்டகையில் இருந்தான். பாதி கத்தரித்த ஆட்டைப் பக்கத்து ஆள் கையில் தள்ளிவிட்டு, கொழுப்பு நாற்றம் போகக் கையைக்கூடக் கழுவாமல் என் வண்டியில் ஏறினான். காளைப் பேச்சை எடுக்கவே இல்லை.

தினமும் ஊசி போட்டார்களாம். எலும்பெல்லாம் உள்ளிருந்து உடைகிற மாதிரி வலித்ததாம். அப்புறம் எந்திரத்துக்குப் பக்கத்தில் படுக்கவைத்து, ரத்தத்தை ஒரு கையில் எடுத்து இன்னொரு கையில் விட்டார்களாம். அவன் திரும்பி வந்தபோது பஸ் நிறுத்தத்திலிருந்து நான்தான் கூட்டிவந்தேன். அவன் அத்தை நோமலாங்கா முன் சீட்டில் இருந்தாள். ஊர்ப் பேச்சுக்கு அவள்தான் தாய்க் கிணறு. வலித்ததா என்று கேட்டாள். டுமிலே சிரித்தான்.

"என் காளையை வெட்டித் தின்னான். இப்ப என் எலும்புக்குள்ள இருக்கறதையும் தின்கிறான். இதாவது அவனுக்குச் செரிக்குதான்னு பார்ப்போம் அத்தை."

நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். அத்தைதான் அதிகம் சிரித்தாள். பின்னால் இதே பேச்சை எடுத்துச் சுருக்குக் கயிறாக முறுக்கினதும் அவள்தான்.

மாகாயா திரும்பி வந்தான். மெலிந்து, மொட்டைத் தலையாக, ஆனால் நடந்து வந்தான். அவன் உடம்பில் இப்போது ஓடுவது அண்ணன் ரத்தம். அண்ணன் பட்டிச் சுவர்மேல் உட்கார்ந்து, "என் ரத்தம் ஓடுதுடா உனக்கு, என்கிட்ட மரியாதையாப் பேசு" என்று கேலி பண்ணுவான். தம்பி, "அதான் எனக்கும் உன்னை மாதிரி குறட்டை வருது" என்பான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் செத்துக் கிடந்த பேச்சு உயிர் பிடித்தது.

தோசாமா பட்ட பாட்டைச் சொல்லியாக வேண்டும். ரத்தம் பிடித்துவிட்டது, ஆனால் அண்ணன் ரத்தமும் தம்பி உடம்பும் சண்டை போடாமல் இருக்க மருந்து கொடுத்திருக்கிறோம், அந்த மருந்து உடம்பின் காவலையும் படுக்கவைத்துவிடும், தூசி ஆகாது, பூசணம் ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். கூரைப்புல் வேய்ந்த அடுப்படிக்குள் அவனை விடமாட்டாள். கோழிகளை எல்லாம் பிறந்த வீட்டுக்கு ஓட்டினாள். சோளம் உதிர்க்கிற வேலையை என் வீட்டு முற்றத்துக்கு மாற்றினாள். தரையைக் கூட்டாமல் ஈரத் துணியால் துடைத்தாள், காலையும் மாலையும். பாலைக் கொதிக்கவைத்துத்தான் கொடுப்பாள், புளித்த பாலைக் கண்ணில் காட்டமாட்டாள். புளித்த பால் இல்லாமல் எங்கள் ஊர் ஆம்பளை ஒருவன் உயிரோடு இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இவன் இருந்தான். அவள் வைத்திருந்தாள்.

தலையில் முடி முளைத்தது. பெரியவர்கள் கூடி, பிழைத்தவனை முன்னோருக்குக் காட்ட வேண்டும், ஓர் ஆடு வெட்டிச் சொல்ல வேண்டும் என்றார்கள். அதை யாரும் மறுக்க முடியாது. காட்டப்படுகிறவன் பட்டிக்குள் இருந்தாக வேண்டும். மூக்கையும் வாயையும் மூடுகிற துணியைக் கழற்றக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் தோசாமா அவனை அனுப்பினாள்.

நல்ல வெயில் அன்றைக்கு. பெண்கள் வெளியே மூன்று கால் பானைகளில் உடைத்த சோளமும் பீன்ஸும் வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். பட்டிக்குள் ஆட்டுக்கறி நெருப்பில் கிடந்தது. வீட்டு பீர் வாளியில் சுற்றி வந்தது. மாகாயாவுக்குத் தனிக் குவளையில் டீ. அப்போதுதான் அந்தப் பாவி வாயைத் திறந்தான். ஆஸ்பத்திரிக் கஞ்சி தின்று நாக்கு செத்துப்போச்சு, ஒரு கை இசங்கோபே கிடைத்தால் போதும் என்றான்.

எங்கள் பக்கம் இன்னும் சில பட்டிகளில் தரைக்கடியில் சோளக்குழி இருக்கிறது. வாய் சின்னது, வயிறு பெரிது. மேலே கல்லை வைத்துச் சாணியால் பூசிவிடுவோம். உள்ளே கிடக்கிற சோளத்தில் ஒரு பங்கு புழுங்கிப் புளித்து நாற்றமெடுக்கும். அதுதான் இசங்கோபே. வெளியூர்க்காரன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவான். எங்கள் ஆம்பளைகள் அதற்கு அடித்துக்கொள்வார்கள்.

தம்பி கேட்டுவிட்டான், அண்ணன் எழுந்தான். சாணிப் பூச்சைக் கொத்தினான், கல்லைப் புரட்டினான், கெட்ட காற்று போகட்டும் என்று எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னான். ஆட்டுக்கறி தின்று முடித்தபின் இடுப்பில் கயிறு கட்டி இறங்கி வாளி வாளியாக மேலே அனுப்பினான். மேல் அடுக்குச் சோளம் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு, பச்சைச் சாம்பல் நிறத்தில் பூசணம் பூத்துக் கிடந்தது. எப்போதும் அப்படித்தான் இருக்கும், அதை உடைத்து உதறி எறிந்துவிட்டு அடிச் சோளத்தை எடுப்போம். உதறினார்கள். புகை மாதிரி தூசி எழும்பியது. மாகாயா துணியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு வாளிக்குமேல் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு மோந்தான்.

தோசாமா சுவருக்கு வெளியிலிருந்து பார்த்துவிட்டாள். கரண்டியோடு ஓடி வந்தாள். அதை மூடுங்க, பூசணம் ஆகாது, டாக்டர் சொல்லியிருக்காங்க, அவரை வெளியே அனுப்புங்க என்று கத்தினாள். பட்டிக்குள் யாரோ ஒருத்தன், மருமகள் பட்டியைப் பார்த்துக் கத்தினால் மாடு பால் வற்றிவிடும் என்றான். கொல்லென்று சிரிப்பு. மாகாயாவும் சிரித்தான். டுமிலே குழிக்குள்ளிருந்து தலையை நீட்டி, "எங்கப்பன் குழிம்மா இது. இதைத் தின்னு இதுவரைக்கும் எவனும் செத்ததில்ல" என்றான்.

வாசல் கம்பைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். ஒரு காலைத் தூக்கினாள். உள்ளே வைக்கவில்லை. தூக்கிய காலைத் திரும்ப எடுத்துக்கொண்டு அடுப்புக்குப் போய்விட்டாள்.

சில வாரத்தில் மாகாயாவுக்கு இருமல் வந்தது. அப்புறம் இருமலில் ரத்தம் வந்தது. கேப் டவுனுக்குக் கொண்டுபோனோம். நுரையீரலுக்குள் பூஞ்சை வேர் விட்டிருக்கிறது என்றார்கள். இருக்கிற மருந்தெல்லாம் ஏற்றினார்கள். அதே வார்டில் அதே மாதிரிப் பூஞ்சை பிடித்த வேறு இரண்டு பேர் தேறி வீட்டுக்குப் போனார்கள். மாகாயா போகவில்லை. பெட்டியில்தான் வந்தான்.

ரத்தமும் அவன் கொடுத்தது, சோளமும் அவன் கொடுத்தது. தோசாமா கணக்கு அவ்வளவுதான். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. நோமலாங்கா அத்தை காளைக் கதையையும் வண்டியில் கேட்ட பேச்சையும் வீடு வீடாகக் கொண்டுபோனாள். மனசு கசந்து கொடுத்த ரத்தம் உடம்புக்குள் போய் அழுகிவிட்டது, செரிக்குதான்னு பார்ப்போம்னு அவனே சொன்னான், என் காதால் கேட்டேன், பேலேயைக் கேளுங்க என்றாள். என்னையும் கேட்டார்கள். கேலிக்குச் சொன்னதுய்யா என்று தொண்டை வற்றச் சொன்னேன். கேலியா கேலியில்லையா என்பதல்ல, சொன்னானா இல்லையா என்றார்கள்.

அந்த வருஷக் கத்தரிப்பில் டுமிலேக்கு ஆடு கிடைக்கவில்லை. அவன் கத்தரித்தால் தோலில் ஒரு கீறல் இருக்காது, கம்பளி ஒரே போர்வையாகக் கழன்று விழும். அப்பேர்ப்பட்டவன் கொட்டகையில் கத்தரியைத் தீட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இரண்டு பக்கமும் இடம் காலி. என் ஆடு இரண்டை நானே இழுத்துக்கொண்டுபோய் அவன் முன்னால் விட்டேன். வேண்டாம் பேலே, உன் வண்டியில் அப்புறம் ஒருத்தனும் ஏறமாட்டான் என்று திருப்பி அனுப்பினான். அவன் மகள்கள் தூக்கிவந்து வைத்த தண்ணீரைத் தோசாமா அவர்கள் கண் முன்னாலேயே கொட்டிக் கவிழ்த்தாள். லிதா பெரியப்பா வீட்டுப் பக்கம் போனால் முதுகில் அடி விழுந்தது.

அத்தை மகன் லுண்டி, வேலைவெட்டி இல்லாத தடியன்களைச் சேர்த்துக்கொண்டு அலைந்தான். எங்கள் பக்கம் சூனியக்காரன் என்று பேரெடுத்தவன் வீடு என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். பழைய டயர்களும் பெட்ரோல் டின்னும் அத்தை வீட்டுப் பின்னால் அடுக்கியிருந்தது பார்க்கிறவன் கண்ணுக்கெல்லாம் தெரிந்தது. அவர்களைத் தடுத்து வைத்திருந்தது யார் என்று நினைக்கிறீர்கள், தோசாமாதான். இரக்கம் ஒன்றும் இல்லை. மாகாயா செத்த பிறகு, கேப் டவுனில் அவனைப் பார்த்த டாக்டரம்மா அவளிடம் கேட்டிருந்தாளாம். அண்ணன் ரத்தமும் தம்பி ரத்தமும் கொஞ்சம் எங்களிடம் இருக்கிறது, மற்றவர்கள் தேறின நோயில் இவர் ஏன் தேறவில்லை என்று பார்க்கலாமா என்று. அவள் சரி என்றிருந்தாள். அந்தப் பதில் வரட்டும் என்றாள் லுண்டியிடம்.

"டாக்டர் வாயால வரட்டும். அப்புறம் எவனும் என்னைப் பொய்க்காரின்னு சொல்லக் கூடாது. வந்தபிறகு உன் கையை நான் பிடிக்கமாட்டேன்."

பட்டி வாசலில் வைத்து, டுமிலே காதில் விழும்படிதான் சொன்னாள். நான் அவனிடம் போய், மச்சினன் ஊருக்கு ஓடிவிடு, நான் கொண்டுபோய் விடுகிறேன் என்று கெஞ்சினேன். நான் போனால் நான்தான் என்று ஆகிவிடும் என்றான். போலீஸில் சொல்லலாமே என்பீர்கள். ஸ்டேஷன் ஆற்றுக்கு அந்தப் பக்கம். மழை விடாமல் அடித்துப் பாலத்தை மூழ்கடித்திருந்தது. போன் பண்ணினேன், தண்ணீர் வடியட்டும் என்றார்கள்.

டாக்டரம்மா மாதம் ஒருமுறை எங்கள் பக்கத்து டவுனான உம்தாதாவுக்கு வருவாள். எங்கள் பாஷைக்காரிதான். தோசாமாவை மலைச் சுற்று வழியாகக் கூட்டிப்போனேன். அவள் என்னையும் உள்ளே வரச் சொன்னாள். சாட்சிக்கு ஆள் வேண்டுமாம்.

டாக்டரம்மா நிதானமாகத்தான் சொன்னாள். பூஞ்சை விதை காற்றில் எப்போதும் இருக்கிறது, குழித் தூசியில் கோடிக்கணக்கில் இருந்திருக்கும். நாம் எல்லாரும் மூச்சில் இழுக்கிறோம். உள்ளே போனதும் உடம்பில் ஒரு பொருள் அதன்மேல் ஒட்டிக்கொண்டு, இதோ திருடன் என்று அடையாளம் போடும். அதைப் பார்த்துத்தான் வெள்ளை அணுக்கள் தின்று தீர்க்கும். அண்ணன் ரத்தத்தில் அந்த அடையாளம் போடுகிற பொருள் மிகக் குறைவு. பிறவியே அப்படி. அவர் உடம்பில் வேறு காவல் எல்லாம் முழுசாக இருப்பதால் அவருக்கு ஒன்றும் ஆகாது, நூறு வயது இருப்பார். தம்பி உடம்பில் காவலெல்லாம் படுத்திருந்த நேரத்தில் இருந்தது அந்த ரத்தம் மட்டும்தான்.

"அப்ப அந்த ரத்தத்தாலதான்," என்றாள் தோசாமா.

"அதாலயும்தான். ஆனா கொடுக்கும்போது அது அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் வேற ஆள் பொருந்தலை. அவர் கொடுக்கலைன்னா உங்க வீட்டுக்காரர் வீடு திரும்பியே இருக்கமாட்டார்மா. இதுல குத்தவாளி யாரும் இல்ல. இன்னொண்ணு, இது குடும்பத்துல வேற யாருக்கும் கூட…"

தோசாமா அதற்குள் எழுந்து வாசல் பக்கம் நடந்துவிட்டாள். மீதியை நான்தான் கேட்டேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்புதான். அத்தை ஊரெல்லாம் பரப்பினதும் டாக்டரம்மா படித்துச் சொன்னதும் காதுக்கு ஒன்றுபோலத்தான் கேட்கும், அவன் ரத்தம்தான் கொன்றது என்று. லுண்டிக்கு அந்த முதல் பாதி போதும். தோசாமா பாதி வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, ரோட்டோரக் கிழவியிடம் பொரித்த மாவு உருண்டை வாங்கி, வண்டிக்குள் உட்கார்ந்து பசியாகத் தின்றாள். ஒரு வருஷத்தில் அவள் பசியோடு தின்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"குழித் தூசின்னு மட்டும் சொல்லும்மா. அதுவும் டாக்டர் சொன்னதுதானே. பொய் ஆகாது," என்றேன்.

"குழியைத் தொறந்தது யாரு?"

"உன் புருஷன் கேட்டான். ஆசைப்பட்டுக் கேட்டான். நான் அங்கதான இருந்தேன்."

"நானும்தான் இருந்தேன். கத்தினேன். நீயும்தான் சிரிச்சே பேலே."

கியரைப் போட்டேன்.

மறுநாள் மழை விட்டிருந்தது. குடும்பத்து ஆண்கள் பட்டிக்குள் கூடினார்கள். சாணிச் சகதி கணுக்கால் வரைக்கும் இருந்தது. லுண்டியும் அவன் ஆட்களும் சுவரோரம் தடிகளோடு நின்றார்கள். பெண்கள் வெளியே வீட்டுச் சுவர் ஓரமாகப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள், அத்தை முன்வரிசையில். டுமிலே நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். அதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை.

பெரியவர் ஒருவர் தோசாமாவை அவள் பிறந்த குலப் பேரால் கூப்பிட்டு, வாசலுக்கு வந்து டாக்டர் சொன்னதைச் சொல்லம்மா என்றார். அவள் வாசலுக்கு வந்தாள். வாசலில் நிற்கவில்லை. கறுப்புத் துணியோடு, துக்கத்தோடு, சகதியில் காலை வைத்து உள்ளே நடந்தாள். மாடுகள் ஒதுங்கின. நேரே போய்க் குழிக்கல்மேல் ஏறி நின்றாள்.

சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. குழித் தூசியைச் சொன்னாள், அடையாளம் போடாத ரத்தத்தைச் சொன்னாள், பிறவி என்பதைச் சொன்னாள், கொடுக்கும்போது யாருக்கும் தெரியாது என்பதையும் சொன்னாள். கடைசியில், "டுமிலே ரத்தம்தான் என் புருஷனைக் காப்பாத்தலை" என்றாள். மூத்தவன் பேரை அவள் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை.

டுமிலே எழுந்து தொப்பியைக் கழற்றினான். "அப்ப நான்தானாம்மா?" என்றான்.

"நீங்கதான்."

லுண்டி சுவரைவிட்டு நகர்ந்தான். அவனோடு மற்றவர்களும். தோசாமா கல்லைவிட்டு இறங்கி டுமிலேக்கு முன்னால் போய் நின்றாள்.

"தொட்டுப் பாருடா," என்றாள் லுண்டியிடம்.

"நீதான அத்தாச்சி சொன்ன, டாக்டர் சொல்லிட்டா கையைப் பிடிக்கமாட்டேன்னு."

"சொன்னேன். இப்ப வேற சொல்றேன். நீ கொளுத்தினா இவர் அரை நாள்ல எரிஞ்சு முடிஞ்சிருவார். அதுக்கா நான் ஒரு வருஷம் கறுப்பு உடுத்திப் பாயில கிடந்தேன்? செத்தவனுக்கு என்னடா வலிக்கும்? இவர் இருக்கணும். டாக்டர் சொல்லிருக்கா நூறு வயசு இருப்பாருன்னு. நூறும் இருக்கணும். இந்தக் குழிச் சோளத்தைத் தின்னு, ஒரு இருமல் இல்லாம நல்லா இருக்கணும். என் மகளுக்கு அப்பன் இடத்துல நின்னு கல்யாணம் பேசணும். அவ அப்பா எங்கன்னு கேக்கறப்பல்லாம் நான் சொல்லமாட்டேன். இவர் சொல்லணும். இவர் வாயால, அவ மூஞ்சியைப் பாத்து. சாகுற வரைக்கும்."

லுண்டி பெரியவர்களைப் பார்த்தான். அவர்கள் சகதியைப் பார்த்தார்கள். வெளியே அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பக்கத்தில் இருந்தவள் தொடையில் கிள்ளினாள். எரிப்பதைவிட இது கொடுமை என்று அந்தத் தடியன்களுக்கே புரிந்துவிட்டது. ஒருத்தன் தடியைக் கீழே ஊன்றினான், அப்புறம் மற்றவனும்.

"இப்பவே ஆரம்பிங்க," என்றாள் தோசாமா. லிதாவைக் கூப்பிட்டாள்.

குழந்தை வாசலில் தயங்கினாள். வா என்று அம்மா அதட்டினதும் உள்ளே வந்தாள். டுமிலே அந்தச் சகதியிலேயே நல்ல பேன்ட்டோடு மண்டியிட்டான். குழந்தை உயரத்துக்கு வந்தான். இரண்டு தடவை தொண்டையைச் செருமிவிட்டுச் சொன்னான். உங்கப்பாவுக்கு ரத்தம் கெட்டுப்போச்சு, நான் என் ரத்தத்தைக் கொடுத்தேன், என் ரத்தத்துக்குப் பூசணத்தை அடையாளம் தெரியாது, அது எனக்கே தெரியாது, சோளமும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன், அதனால அப்பா செத்துப்போனார். கன்னம் நனைந்து மீசை நனைந்து சொல்லி முடித்தான். தோசாமா கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது இனித்தது, முகத்தில் தெரிந்தது. சொல்வதற்கு என்ன.

லிதா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கேட்டாள்.

"பெரியப்பா, எனக்கும் அந்த ரத்தம்தானா?"

டுமிலே நிமிர்ந்து தோசாமாவைப் பார்த்தான்.

"அத்தைப்பாட்டி சொன்னாங்க, நீயும் அந்த வீட்டு ரத்தம்தான்டின்னு. அப்ப நானும் செத்துருவேனா?"

தோசாமா கட்டியிருந்த கை அவிழ்ந்தது. ஒரு வருஷமாக ஊர் முழுக்க அழுகின ரத்தம் அழுகின ரத்தம் என்று சொல்லவைத்தவள் அவள். அதே வீட்டில், அதே பாயில், பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் குழந்தை கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். டாக்டரம்மா சொல்ல வந்ததும் அதுதான். தோசாமா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கேள்வி இருந்தது. நான் தலையை அசைத்தேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

டுமிலே புறங்கையால் மூக்கைத் துடைத்தான்.

"தெரியாதும்மா. இருந்தாலும் இருக்கும். ஆனா என்னைப் பாரு. எனக்கு அது நிச்சயமா இருக்கு. நான் செத்தா போனேன்? ஆடு கத்தரிக்கிறேன், தூசியில நிக்கறேன், மழையில நனையறேன். எத்தனை வயசாச்சு பாரு எனக்கு. நல்லாதான இருக்கேன்?"

லிதா அவன் தோளைத் தொட்டுப் பார்த்தாள். ஆட்டைப் பிடித்துப் பிடித்து இறுகின தோள். நெஞ்சில் காதை வைத்துக்கூடக் கேட்டாள். நல்லாதான் இருக்கீங்க என்றாள்.

"ஆங். உனக்கும் அப்படித்தான்."

தோசாமா மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். வாசல் தாண்டினவள் நின்றாள். திரும்பிப் பார்க்காமல் பேசினாள். குரல் கல்லை எறிகிற மாதிரி பழையபடிதான் இருந்தது.

"நாளைக்கும் வாங்க."

"சொல்றேம்மா," என்றான் டுமிலே, மண்டி போட்டபடியே. "அவங்கப்பா எப்படிச் செத்தாருன்னு நாளைக்கும் சொல்றேன்."

"அதில்ல. நல்லா இருக்கேன்னு சொன்னீங்களே, அதை."

அவன் போனான். இப்போதும் தினமும் சாயங்காலம் தகர வீட்டு வாசலில் போய் நிற்கிறான். குழந்தை வந்து பார்த்துவிட்டுப் போகிறாள். தோசாமா அவனோடு பேசுவதில்லை, உட்காரவும் சொல்வதில்லை. ஒரு நாள் கொட்டகையில் வேலை முடியத் தாமதமாகி அவன் வராமல் போனபோது, என் வேலி ஓரம் வந்து நின்று, "பேலே, அந்த ஆள் எங்கே, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே" என்று கேட்டாள்.